பயன்படுத்துவோர் எவருமில்லை

யாவோரி,
பிப்ரவரி 9

அன்புத் தம்பி ராடிமுக்கு,

அக்கா யார்மிலா எழுதுவது. இங்கே நானும் உன் மாமா போஹூஷும் நலம். அவர் முழங்கால் மட்டும் நலமில்லை. ஆனால் பீர் கடை இருக்கும் திசையில் அது நன்றாகத்தான் நடக்கிறது. நீயும் உர்சுலாவும் எப்படி இருக்கிறீர்கள்? நியூரம்பெர்க்கில் பனி விழுகிறதா, இல்லை அதற்கும் உங்கள் ஊரில் நேரம் குறித்து டோக்கன் கொடுக்கிறார்களா?

போனில் சொல்லலாமே என்பாய். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. உட்கார்ந்து படி.

நம் 'மாமியார்' ஏரிக் கரையில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ உன் கையால் மாட்டிவிட்டுப் போன பெட்டி நினைவிருக்கிறதா? தண்ணீரில் காற்று குறைந்தால் அதுவே காற்றூதும் ஏரேட்டரை ஓடவிடும், என் போனுக்கும் சேதி அனுப்பும். இத்தனை வருஷத்தில் ஒரு தும்மல் போட்டதில்லை. உன் மாமாவைவிட நம்பகமான பிறவி.

இப்போது போன் கம்பெனிக்காரன் ஜூன் முடிவில் பழைய சிக்னலை அணைக்கிறானாம். அதனால் எங்கள் மீன் கூட்டுறவுத் தலைவர் கலிவோடா புது மோடம் வாங்கிவிட்டார். புது மோடத்துக்குப் புதுக் கெர்னல் வேண்டுமாம். நகரத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து அந்தக் கெர்னல் ஏற்றிய புது மெமரி கார்டைப் பெட்டியில் சொருகினான். பச்சை விளக்கு மூன்று தடவை மினுக்கியது. பிறகு அணைந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு போஹூஷ் அணைவது போல.

"பெட்டி செத்துப்போச்சும்மா" என்றான் அந்தப் பையன்.

நான் பழைய கார்டை எடுத்து மறுபடி சொருகினேன். பெட்டி எழுந்தது. "பாருடா, உன் பிணம் எந்திரிச்சு உக்காந்திருக்கு" என்றேன்.

அவன் போனைத் தடவி எதையோ படித்தான். "எழுந்து என்னம்மா பிரயோஜனம்? பெட்டிக்குள்ள இருக்கிற இந்த போர்டையே கெர்னல்லருந்து தூக்கப் போறாங்க. பயன்படுத்துவோர் எவருமில்லைன்னு போட்டிருக்கு பாருங்க."

எவருமில்லையா? அப்படியானால் பெட்டிக்கு எதிரில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றது யார்? ராடிம், நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் எவருமில்லை என்று சொல்லும் அளவுக்கு இன்னும் இளைத்துப் போகவில்லை. இதை எழுதியது யார், என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது.

உர்சுலாவுக்கு என் முத்தங்கள். உனக்குப் பதில் வந்த பிறகு.

உன் அக்கா,
யார்மிலா


நியூரம்பெர்க்,
பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் சுகம். உர்சுலாவுக்குச் சளி, இப்போது பரவாயில்லை. மாமாவின் முழங்காலுக்கு மருத்துவரைப் பார்க்கச் சொல்லவும். கடைக்காரர் மருத்துவர் இல்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். மின்சாரம் வந்ததும் பெட்டியில் முதலில் கண்விழித்து மற்றதையெல்லாம் எழுப்பிவிடும் நிரல்தான் கெர்னல். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் மின்னஞ்சலில் கடிதம் கடிதமாக எழுதிப் பேசி அதைத் திருத்துகிறார்கள். இரண்டு மாதத்துக்கொரு முறை புதுப் பதிப்பு வரும். ஒவ்வொரு பழைய போர்டுக்கும் அதில் கொஞ்சம் எழுத்து இருக்கிறது. ஊர் கூடி ஒரு வீட்டைப் பழுது பார்க்கும்போது, யாரும் படுக்காத கட்டிலையும் ஒவ்வொரு தடவையும் தூக்கி நகர்த்த வேண்டியிருக்கிறது இல்லையா, அது போல.

ஃபின்லாந்திலிருந்து டூக்கா என்பவர் நம் போர்டை நீக்கலாம் என்று முன்மொழிந்திருக்கிறார். யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று எல்லோருக்கும் பொதுவில் கேட்பது வழக்கம். சில வாரம் பதில் இல்லையென்றால் நீக்கிவிடுவார்கள். ஐந்து வருஷமாக எவரும் ஒரு புகாரும் எழுதவில்லை. இந்த போர்டுக்குப் பெயரளவில் பொறுப்பாளன் நான்தான். நான் மறுப்புச் சொல்லவில்லை. முடிவு அவர்களுடையது.

கலிவோடாவிடம் புதுப் பெட்டி வாங்கச் சொல். அதுதான் எல்லோருக்கும் நல்லது.

அன்புடன்,
ராடிம்


யாவோரி,
மார்ச் 6

மறுப்புச் சொல்லாத தம்பிக்கு,

நலம். உர்சுலாவுக்குப் பூண்டு சூப் வைத்துக் கொடு. நீ குடிக்காதே, உனக்குத் தகுதி இல்லை.

ஐந்து வருஷமாகப் புகார் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஏன் வரும்? வேலை செய்கிற பெட்டியைப் பற்றி எந்தப் பைத்தியக்காரி கடிதம் எழுதுவாள்? "மதிப்பிற்குரியீர், இன்றும் பெட்டி ஓடுகிறது, நேற்றும் ஓடியது" என்றா? தகராறு செய்கிறவனுக்கெல்லாம் கட்டில் உண்டு, சத்தம் போடாமல் உழைக்கிறவனுக்குத் தெரு. நல்ல நியாயம். இந்த நியாயத்தைக் கண்டுபிடிக்கவா நம் அப்பா உன்னைப் பிராகில் படிக்க வைத்தார்?

புதுப் பெட்டி என்கிறாய். கலிவோடா விசாரித்துவிட்டார். புதுப் பெட்டி நம் ஏரிக்குள் இருக்கிற அளவுக்கருவிகளோடு பேசாதாம். அவற்றையும் மாற்ற வேண்டும், சேற்றுக்கடியில் போகிற கேபிளையும் தோண்டி மாற்ற வேண்டும். அதற்கு ஏரியை வடிக்க வேண்டும். "காவல் இல்லாம அந்த ஏரியில நான் கெண்டை விடமாட்டேன் யார்மிலா. சும்மா கிடக்கட்டும்" என்கிறார். ஏரி சும்மா கிடந்தால் ஏரிக் காவலுக்கு நானும் போஹூஷும் எதற்கு?

நீ பெட்டி மாட்டுவதற்கு முந்தைய ஜூலையில் நடந்ததை நீ பார்க்கவில்லை. வெயில் காலத்தில் விடியும் நேரம்தான் தண்ணீரில் காற்று அறவே இருக்காது. அன்றைக்குப் போய்ப் பார்த்தால் ஏரி முழுக்க வெள்ளை வயிறு. மூன்று நாள் வலையால் வாரி, குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். எனக்கு இன்றைக்கும் அந்த வாடை வரும். அதனால் என்னிடம் கட்டில் கதை சொல்லாதே.

நானே உன் டூக்காவுக்கு எழுதினேன். போனே மொழிபெயர்த்தது. இப்படி: "நான் பயன்படுத்துகிறேன். என் பெயர் யார்மிலா. பன்னிரண்டு வருஷமாக. என்னைக் கேட்காமல் எவருமில்லை என்று எப்படி எழுதினீர்கள்?" நல்ல கடிதம்தானே? திரும்பி வந்துவிட்டது. எழுத்தில் கலரும் அலங்காரமும் இருந்தால் உங்கள் பொது அஞ்சல்பெட்டி வாங்காதாம். என் பெயருக்குக் கீழே போன் தானாக ஒரு ரோஜாப்பூ போட்டிருந்திருக்கிறது. ஒரு பூவைக்கூடத் தாங்காத ஜனங்களா நீங்கள்?

தபால்காரி ஹெட்விகா பூவை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பிக் கொடுத்தாள். போய்விட்டது. இனி அவர்கள் பாடு.

அக்கா


நியூரம்பெர்க்,
மார்ச் 25

அன்புள்ள அக்கா,

நலம். உர்சுலா பூண்டு சூப் குடித்தாள். எனக்கும் கொஞ்சம் கொடுத்தாள், உன் கடிதத்தைப் படிக்காததால்.

உன் கடிதம் இங்கே பெரிய பரபரப்பு. டூக்கா பதில் எழுதியிருக்கிறார்: "ஒருவர் இருந்தால் போதும், போர்டு இருக்கலாம். ஆனால் புதுக் கெர்னலில் அது எழ வேண்டும். எழாத போர்டை யாருக்காக வைத்திருப்பது? எந்த மாற்றம் அதைக் கெடுத்தது என்று கண்டுபிடியுங்கள். ஜூலை முடிவில் பதிப்பை மூடும்வரை காத்திருக்கிறேன்." நியாயமான மனிதர்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. உன் பழைய கார்டில் இருப்பது எழுகிறது. இன்றையது எழவில்லை. இடையில் லட்சக்கணக்கான மாற்றங்கள். அவற்றில் நம் போர்டைத் தொடக்கூடியவை சில நூறு. நட்டநடுவில் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். எழுந்தால் கோளாறு அதற்குப் பிந்தியது, எழாவிட்டால் முந்தியது. பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தில் மறுபடி பாதி. இப்படியே போனால் கடைசியில் ஒரே ஒரு மாற்றம் கையில் நிற்கும்.

என்னிடம் இருந்த போர்டு ஆறு வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டது. அதனால் உன் ஏரிக்கரைதான் நமக்கு ஒரே சோதனைக்கூடம். உறையில் மூன்று கார்டு வைத்திருக்கிறேன். முதலில் வெள்ளைப் புள்ளி. அது எழுந்தால் அடுத்து நீலம். எழாவிட்டால் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் விளக்கு என்ன செய்தது என்று எழுது. முடிந்ததும் பழைய கார்டைத் திரும்பப் போட மறக்காதே.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ரோஜாப்பூ கதையை இங்கே எல்லோருக்கும் சொன்னேன்.

அன்புடன்,
ராடிம்


யாவோரி,
ஏப்ரல் 4

சிரிக்கிற தம்பிக்கு,

சிரி, சிரி. நாங்கள் நலம். மாமா மருத்துவரிடம் போனார். எடை குறைக்கச் சொன்னாராம். கோபத்தில் வரும் வழியில் இரண்டு தட்டு வறுத்த கெண்டை சாப்பிட்டுவிட்டு வந்தார்.

வெள்ளை எழுந்தது. நீலம் எழவில்லை. மூன்று மினுக்கு, பிறகு இருட்டு. சிவப்பைத் தொடவில்லை, திருப்பி அனுப்புகிறேன். மழையில் செய்தோம். போஹூஷ் குடை பிடித்தார். குடை பெட்டிக்கு, எனக்கில்லை. ஒவ்வொரு தடவையும் "எந்திரிச்சிட்டாளா?" என்று கேட்கிறார். ஏரிக்கு மாமியார் என்று பெயர் இருப்பதால் பெட்டியும் பெண்பிள்ளை ஆகிவிட்டது. "உங்கம்மா மாதிரியே கண்ண முழிச்சு மூணு தடவ முறைச்சிட்டு மறுபடி தூங்கிட்டா" என்றேன். குடையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹெட்விகா உறையைக் கொடுக்கும்போது கையில் எடை போட்டுப் பார்க்கிறாள். "ஜெர்மனிலருந்து மறுபடி மறுபடி வருதே, யாருடி அவன்?"

"என் தம்பிடி."

"தம்பியா? என் தம்பி எங்கப்பா செத்ததுக்கே ரெண்டு வரிதான் எழுதினான். தம்பியாம்!"

இன்னொன்று. உங்கள் பொது அஞ்சல்பெட்டியில் எவனோ எனக்குப் பதில் போட்டிருக்கிறான். பதிலை மேலே எழுதக்கூடாதாம், அவனுடைய வாக்கியத்துக்குக் கீழே எழுத வேண்டுமாம். எனக்கு மரியாதை தெரியவில்லையாம். அதோடு, புது போர்டு ஒரு வேளைச் சாப்பாட்டு விலைதானே, வாங்கிக்கொள் என்கிறான். அவனை அழைத்து வந்து ஏரிச் சேற்றில் இடுப்பளவு நிற்க வைத்துக் கேபிளை உருவச் சொல். அப்புறம் நானே அவனுக்கு வேளைச் சாப்பாடு போடுகிறேன், மேலே வைத்தா கீழே வைத்தா என்று அவனையே கேட்டு.

அடுத்த உறை அனுப்பு.

அக்கா


நியூரம்பெர்க்,
ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். நீ திருப்பி அனுப்பிய மூன்றாவது உறையும் வந்தது. உன் குறிப்புகள் மிகத் தெளிவு. இப்போது எல்லை நன்றாகச் சுருங்கிவிட்டது. நாலு வருஷத்துக்கு முந்திய வசந்தம், ஏறக்குறைய ஒரே பதிப்புக்குள். இந்த உறையும் இன்னொன்றும் போதும் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததும், அந்தத் திருத்தத்தின் அடியில் உன் பெயர் ஏறும். "சோதித்தவர்: யார்மிலா" என்று. எத்தனை பதிப்பு வந்தாலும் அது அழியாது. அந்த ஒரு சொல் எங்களுக்குச் சத்தியம் மாதிரி, அக்கா. கண்ணால் பார்க்காமல் எவரும் அதை எழுதமாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை பேர் முகம் பார்க்காமல் வேலை செய்ய முடிகிறது.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராடிம்


யாவோரி,
மே 5

தம்பிக்கு,

எல்லோரும் நலம். வெள்ளை எழவில்லை. சிவப்பு எழுந்தது. நீலத்தைத் தொடவில்லை. இன்னும் ஒரு உறை என்று சொன்னாய், அனுப்பு.

என் பெயர் ஏறப்போவதைப் போஹூஷிடம் சொன்னேன். "கல்யாணப் பதிவேட்டுல ஏறினதே போதாதா, அங்கயும் போய் ஏறணுமா?" என்கிறார். பொறாமை. ஹெட்விகா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். ரொட்டிக்கடையில் என்னைக் "கெர்னல் அம்மா" என்று கூப்பிட்டு இரண்டு கொலாச் பன் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

உறையை நம்பிக் கலிவோடாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். நேற்று மாமியார் ஏரியில் கெண்டை விட்டாகிவிட்டது. தொட்டி வண்டியிலிருந்து குழாய் வழியாக இறங்கும்போது ஒவ்வொன்றும் வாலால் எனக்கொரு அறை கொடுத்துவிட்டுத்தான் போனது. அக்டோபரில் ஏரி வடிக்கும்போது வாயேன். ஆறு வருஷமாக நீ வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லாதே. இதோ கூப்பிட்டுவிட்டேன்.

அக்கா


யாவோரி,
மே 26

ராடிமுக்கு,

மூன்று வாரமாகிறது. உறையும் இல்லை, ஒரு வரியும் இல்லை. போன் செய்தால் உர்சுலா எடுக்கிறாள். "அவருக்கு வேலை அதிகம்" என்கிறாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, பாவம்.

உடம்புக்கு ஏதாவதா? அப்படியென்றால் சொல்லு, பஸ் ஏறி வருகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றால் அதையும் சொல்லு, கோபப்பட வசதியாக இருக்கும்.

இங்கே இப்போதே சட்டையைப் பிழிகிற வெயில். சிக்னல் போக ஒரு மாதம்தான். ஏரியில் மீன் இருக்கிறது. பெட்டியில் பழைய கார்டு இருக்கிறது. சிக்னல் போனால் பழைய கார்டு என்னைக் கூப்பிடாது, ஏரேட்டர் பாசியில் சிக்கி நின்றாலும் எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரனுக்கா எழுதுகிறேன், பதில் இல்லாமலிருக்க?

யார்மிலா


நியூரம்பெர்க்,
ஜூன் 2

அன்புள்ள அக்கா,

உடல்நலத்துக்கு ஒன்றுமில்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

நிறைய யோசித்தேன். இந்தத் தேடலை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். கடைசி உறை தேவையில்லை. கெர்னலில் ஆயிரக்கணக்கானோர் கைவைக்கிறார்கள், எந்தக் கை எதைச் செய்தது என்று தேடிப் போவதில் பயனில்லை. பழையது பழையதுதான். அவர்கள் நீக்குவதானால் நீக்கட்டும்.

புதுப் பெட்டி ஒன்றும், அதற்கேற்ற அளவுக்கருவிகளும் நானே வாங்கி உன் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். என் அன்பளிப்பு. இந்த வருஷம் கேபிளைக் கரையோரமாகவே போட்டுக்கொள்ளலாம். கலிவோடாவிடம் நான் பேசுகிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

ராடிம்


யாவோரி,
ஜூன் 12

ராடிம் அவர்களுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தை நான் விசாரிக்கவில்லை.

உன் அன்பளிப்பு வந்தது. பிரிக்காமல் ஹெட்விகாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கரையோரமாகப் போடலாமாம். கரையோரத் தண்ணீரில் என் பேத்தியின் வாத்துதான் நிற்கும். கெண்டை நிற்பது ஆழத்தில். இது உனக்குத் தெரியாதா? இந்தக் கரையில்தானே மூக்கொழுகிக்கொண்டு வளர்ந்தாய்? தெரிந்தே எழுதினாய் என்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. வாயை அடைக்க இவ்வளவு பெரிய பெட்டியா?

உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் டூக்காவுக்கு எழுதிவிட்டேன். "தம்பி காணாமல் போய்விட்டான், மிச்சப் பாதியை நீங்கள் அனுப்புவீர்களா" என்று. அந்த மனிதர், என் போர்டைத் தூக்க வந்தவர், தன் கைக்காசில் கூரியரில் ஐந்து கார்டு அனுப்பினார். ஒவ்வொன்றிலும் எண், எது எழுந்தால் எது என்று ஒரு படம். நேற்று முடித்தோம். கடைசியில் ஒரே ஒரு மாற்றம் நின்றது. எண்ணைச் சொன்னதும் டூக்கா அதை அனுப்பினார். ஹெட்விகா அச்செடுத்து வந்தாள்.

அவர் விளக்கியது இது. யாரும் உரிமை கேட்காத பாகத்துக்கெல்லாம் கெர்னல் மின்சாரத்தை நிறுத்திவிடுமாம், சிக்கனத்துக்கு. மெமரி கார்டுக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் நிறுத்தாதே என்று நம் போர்டுக்கு ஒரு வரி இருந்திருக்கிறது. அந்த வரியை ஒருவர் வீண் என்று நினைத்துச் சுத்தம் செய்துவிட்டார். அதனால்தான் மூன்று மினுக்கு, பிறகு தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டு இருட்டு.

சுத்தம் செய்தவர் பெயர் மேலே இருந்தது. ராடிம் ஸ்டெகிளிக். எனக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும், அதற்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அதற்குக் கீழே இன்னொரு வரி. "இதே போர்டில் சோதித்தது." நாலு வருஷத்துக்கு முந்திய தேதி. உன் போர்டு ஆறு வருஷத்துக்கு முன்பே செத்ததாக மார்ச்சில் நீதான் எழுதினாய். எதில் சோதித்தாய், உர்சுலாவின் வாணலியிலா? சத்தியம் மாதிரி என்று எனக்குப் பாடம் எடுத்தாயே, அப்போது நாக்கு கூசவில்லையா? இல்லை, உனக்கே மறந்து போயிருந்ததா? மறந்து போயிருக்கும். எல்லை சுருங்கச் சுருங்க நினைவு வந்திருக்கும். உறை நின்றது அங்கேதான்.

கேள். தப்பான வரியை எடுத்ததற்கு எனக்குக் கோபமில்லை. எல்லோரும் எதையோ ஒரு நாள் தப்பாகத்தான் எடுக்கிறார்கள். "அவர்கள், அவர்கள்" என்று எழுதினாயே, அதற்குத்தான். அந்த அவர்களில் ஒருத்தன் எனக்குக் கார்டு அனுப்பினான். என் தம்பி என் வாய்க்குப் பூட்டுப் போட்டான். ஊரிலுள்ள நாலு பேர் முன்னால் உன் முகம் சிவக்கக்கூடாது என்பதற்காக ஏரி மீன் அத்தனையும் மிதந்தால் பரவாயில்லை, நான் சுண்ணாம்புக் குழி தோண்டினால் பரவாயில்லை. அப்படித்தானே?

போஹூஷ் சொல்கிறார், "பயந்துட்டான்டி, விடு." விடமாட்டேன்.

டூக்கா தானே திருத்திவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். "எடுத்தவன் வைக்கட்டும்" என்று எழுதினேன். அவர் சரி என்றார். ஜூன் முடிய இன்னும் நாள் இருக்கிறது.

யார்மிலா


நியூரம்பெர்க்,
ஜூன் 19

அக்கா,

நீ எழுதியது எல்லாம் உண்மை. ஒரு வரிதானே என்று நினைத்தேன்.

நேற்றுப் பொதுவில் திருத்தத்தை அனுப்பினேன். அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்த வரியை நீக்கியவன் நான். சோதித்ததாக எழுதினேன். சோதிக்கவில்லை. அப்போது என்னிடம் உயிருள்ள போர்டு இல்லை. கோளாறைக் கண்டுபிடித்தவர் யார்மிலா ஷிமெச்கோவா."

நான் பயந்தது போல் யாரும் திட்டவில்லை. இரண்டு பேர் என்னோடு வேலை செய்வதிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள், அது திட்டைவிட வலித்தது. டூக்கா ஒரே கேள்வி கேட்டார்: "இந்தத் தடவை சோதிப்பது யார்?"

கார்டு உறையில் இருக்கிறது. புள்ளி எதுவும் வைக்கவில்லை. ஒன்றுதான். அதிலேயே புது மோடத்துக்கு வேண்டியதும் இருக்கிறது.

உர்சுலாவுக்கு எல்லாம் சொன்னேன். அவள் உன் பக்கம்.

ராடிம்


யாவோரி,
ஜூலை 13

தம்பிக்கு,

நாங்கள் நலம். உர்சுலா நலமா? என் பக்கம் நிற்பதற்கு அவளுக்கு ஒரு ஜாடி பிளம் ஜாம் அனுப்புகிறேன். நீ திருடித் தின்னாதே.

உன் கார்டு ஜூன் இருபத்திரண்டாம் தேதியே வந்துவிட்டது. அன்றைக்கே போட்டேன். விளக்கு மூன்று மினுக்கு மினுக்கியது. நாலாவதும் மினுக்கியது. பிறகு நிலையாக நின்றது. புது மோடம் சிக்னல் பிடித்தது, என் போனுக்குச் சேதி வந்தது. போஹூஷ் குடையை வீசிவிட்டார், மழையே இல்லாதபோது எதற்குப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று கேட்காதே.

அவர் அன்றைக்கே சொன்னார், "ரெண்டு வரி எழுதிப் போடேன், பையன் காத்துக்கிட்டிருப்பான்."

"காத்திருக்கட்டும். எந்திரிச்சது சரி. வேலை செஞ்சதா? அத நான் இன்னும் பாக்கல."

"இதுக்கு மேல என்னத்தடி பாக்கணும்?"

"பாக்காம எழுத நான் என்ன பிராகில படிச்சவளா?"

டூக்காவும் இரண்டு தடவை கேட்டார், பதிப்பை மூட வேண்டும், சோதித்தாயிற்றா என்று. ஏரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன். புரிந்ததோ என்னவோ, "சரி, ஏரி எப்போது பதில் சொல்லும்?" என்று எழுதினார். நல்ல மனுஷன். மேலே எழுதினேனா கீழே எழுதினேனா என்றுகூடப் பார்க்கவில்லை.

ஏரி இரண்டு வாரத்துக்கு மேலாகப் பதில் சொல்லவில்லை. மழையும் குளிருமாக ஜூலை பிறந்தது. கலிவோடா பொறுமையிழந்தார். பிறகு வெயில் வந்தது பார், நாய்கூட நிழலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது போன் அலறியது. நான் செருப்பு தேடவில்லை. போஹூஷின் முழங்கால் எனக்கு முன்னால் ஓடியது, பீர் கடைத் திசை இல்லாதபோதும்.

நாங்கள் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏரேட்டர் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை, யாரும் சொல்லவில்லை. நுரைத்த தண்ணீரைச் சுற்றி அத்தனை கெண்டையும் வாயைத் திறந்துகொண்டு நெருக்கியடித்து நின்றன, இலவச பீர் ஊற்றும் இடத்தில் ஊர் நிற்பது போல. சூரியன் மேலே வந்ததும் ஒவ்வொன்றாக வாலை ஆட்டிவிட்டு ஆழத்துக்குப் போயின. கலிவோடா வேனில் வந்து இறங்கினார். "எத்தன போச்சு?" என்றார். "எல்லாமே போச்சு, அடியில. தூங்க" என்றேன். அந்த மனிதர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவரை உட்கார்ந்தபடியே வைத்து ஒரு காரியம் சாதித்தேன். மூடிப்போன சின்ன ஏரியில் நீ மாட்டிய இதே மாதிரிப் பெட்டியைக் கிடங்கில் போட்டுவைத்திருந்தார். அதைக் கழற்றி உள்ளே இருக்கும் போர்டை உனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டேன். ஜாம் ஜாடிக்குக் கீழே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நம் போர்டேதான், எழுகிறது, நானே எழுப்பிப் பார்த்தேன். அலமாரியில் வைக்காதே. மேஜைமேல் வை. நீ அங்கே எந்த வரியைத் தொட்டாலும் முதலில் அதை எழுப்பிப் பார்த்துவிட்டு எழுது.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அக்டோபரில் ஏரி வடிக்கும்போது சேற்றில் இறங்கி என்னோடு வலை இழு. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அப்போது பார்க்கலாம்.

டூக்காவுக்கு நேற்றே எழுதிவிட்டேன். உன் திருத்தத்துக்குக் கீழே நீதான் அதைச் சேர்க்க வேண்டுமாம், அது உங்கள் வழக்கமாம். அதனால் நீயே உன் கையால் எழுதிக்கொள்:

சோதித்தவர்: யார்மிலா ஷிமெச்கோவா, மாமியார் ஏரிக் கரை, யாவோரி. கண்ணால் பார்த்தது.

உன் அக்கா